ஆற்றில் கிடக்கும் எருமைக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன்

வணக்கம் மக்களே. இந்த வாரம் குறுக்குத்துறை படித்துறையில் உட்கார்ந்து வரைகிற வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது என் மடியில் இருப்பதை முதலில் காட்டியாக வேண்டும். இருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். தெரிகிறதா? கரித்துண்டால் வரைந்த எருமை. தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறது. கொம்பு, மூக்கு, முதுகில் ஒரு மேடு, அவ்வளவுதான் வரைந்திருக்கிறார். கீழே பாதித் தாள் வெறும் தாள். ஆனால் அந்த வெறும் தாள்தான் தண்ணீர்! 1,500 ரூபாய். வரைந்தவர் கையிலிருந்தே ஒரு அசல் படத்தை விலை கொடுத்து வாங்கியது எனக்கு இதுதான் முதல் தடவை.

எங்கே வாங்கினேன் என்றால், ஓவியக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, தாங்கள் வரைந்த படங்களையும் எடுத்த போட்டோக்களையும் பாளையங்கோட்டையில் ஒரு ஹாலில் மாட்டியிருந்தார்கள். மாணவர்கள் படம் ஒன்றுகூடக் கிடையாது. முழுக்க ஆசிரியர்களுடையது. வழக்கமாகக் கல்லூரிக் கண்காட்சி என்றால் பிள்ளைகள் படம் சுவரில் இருக்கும், ஆசிரியர்கள் வாசலில் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். இங்கே ஆசிரியர்கள் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிள்ளைகள் வந்து, “சார், இந்த நிழல் ஏன் இப்படி?” என்று கேட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பில் என் படத்தின் மேலேயே சிவப்பு மையால் ‘கை சரியில்லை’ என்று எழுதிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? சரியான கை எப்படி இருக்கும் என்று மூன்று வருடத்தில் அந்த வகுப்பில் யாரும் ஒரு கோடு போட்டுக் காட்டியதில்லை. நீச்சல் சொல்லித்தருகிறவர் ஆற்றில் இறங்க வேண்டாமா? இந்த எருமையின் முதுகைப் பாருங்கள். மங்கலாக இன்னும் இரண்டு கோடு தெரிகிறது. முதலில் உயரமாகப் போட்டிருக்கிறார், அழித்திருக்கிறார். அப்புறம் தாழ்வாகப் போட்டு, அதையும் அழித்திருக்கிறார். மூன்றாவது கோடுதான் நின்றது. ஒரு ஆசிரியருக்கே மூன்று தடவை ஆகிறது என்று பதிமூன்று வயதில் எனக்கு யாராவது காட்டியிருந்தால் நான் ஓவியத்தை அத்தனை வருடம் விட்டிருக்கவே மாட்டேன்.

ஆசிரியர்களே வரைவது நம் ஊரில் புதிதும் இல்லை. சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. அங்கே 1929இல் பொறுப்புக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நாற்காலியோடு நிற்கவில்லை. மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவரிடம் படித்து, அவருக்குப் பிறகு அங்கேயே முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் கடைசிவரை வரைந்தார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது அவர் முயற்சியில்தான். வாத்தியார் வரைந்தால் பிள்ளைகளும் வரைவார்கள்.

சரி, ஹாலுக்கு வருகிறேன். எனக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். வாட்டர்கலர் படம் எல்லாவற்றுக்கும் பளபளவென்று கண்ணாடி. எதிரே டியூப் லைட். படத்தில் பாதி டியூப் லைட், மீதி என் முகம். நான் எடுத்த வீடியோவில் ஒரு அருவிக்கு நடுவே என் போன் தெரிகிறது. கண்ணாடி இல்லாமல் வாட்டர்கலரை மாட்ட முடியாது, ஈரமும் தூசியும் ஏறிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் விளக்கை மாற்றலாமே! கடைசியில் அங்கே இருந்த அண்ணாச்சியிடம், “அண்ணாச்சி, அந்த நடு லைட்டை மட்டும் அணைக்க முடியுமா?” என்று கேட்டேன். போய் அணைத்துவிட்டார். அருவி மொத்தமும் கண்ணுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற நாலு பேர் “ஆமா, இப்போ நல்லாருக்கு” என்றார்கள். அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அது.

இன்னொன்று, லேபிள். வரிசையாக ஐந்து படத்துக்கு ‘இயற்கை’ என்றே பெயர். எந்த ஆறு, எந்த மலை, என்ன வண்ணம், ஒன்றும் இல்லை. விலையும் இல்லை. விலையை எழுதிவையுங்கள் சார்! கேட்கக் கூச்சப்பட்டே நம் சனம் போய்விடும். நானே எருமைக்கு முன்னால் மூன்று தடவை நடந்துவிட்டுத்தான் கேட்டேன். ஐயாயிரம் சொல்வார் என்று நினைத்தேன்.

அட, திருப்புடைமருதூரைச் சொல்லாமல் போகிறேனே. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே மாடி மாடியாகச் சுவர் ஓவியம் இருக்கிறது இல்லையா, மரச் சிற்பத்தோடு? அதைப் பென்சிலில் பார்த்து வரைந்து வைத்திருந்தார் ஒரு மேடம். குதிரைகளை ஏற்றிவருகிற கப்பல். ஒவ்வொரு குதிரையின் கழுத்தும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கிறது. சுவரில் காரை பெயர்ந்த இடத்தைத் தாளிலும் அப்படியே வெறுமையாக விட்டிருந்தார். ஒரு குதிரைக்கு முன்னங்கால் இல்லை. “நீங்கள் சேர்த்திருக்கலாமே மேடம்?” என்று கேட்டேன். “சுவரில் இல்லாத கோட்டை நான் எப்படிம்மா போடுவேன்?” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நான் திரும்பவும் போவேன். சுவர் ஓவியம் இருக்கிற குற்றாலம் சித்திர சபைக்கும் போய் இப்படி உட்கார்ந்து வரையச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பப் போகிறாராம்.

போட்டோக்களில் பத்தமடைப் பாய் நெய்கிற கோரை. கறுப்பு வெள்ளை, பளபளப்பில்லாத தாளில் அச்சு, கண்ணாடி கிடையாது. கும்பிடுகிறேன் அந்த சாரை. தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்த கோரையை ஒரு அம்மா தறியின் பாவு நூலுக்குள் விடுகிறார்கள். விரல் நுனியில் வெடிப்பு தெரிகிறது, கோரை முடி மாதிரி தெரிகிறது. முகம் படத்தில் இல்லை, கை மட்டும்தான். பாய் வாங்கின வீடியோவில் நான் எவ்வளவு பேசினேன், இந்தக் கையை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி பிரேம் கதை. படம் 1,500, பிரேமுக்கு எவ்வளவு தெரியுமா? 1,350! படம் வரைந்த சார் என்னிடம் இரண்டு தடவை சொன்னார், கரிப்படத்தைக் கண்ணாடி தொடக் கூடாது, நடுவே மவுண்ட் அட்டை வேண்டும் என்று. நான் கடையில் சொன்னேன், சீட்டிலும் எழுத வைத்தேன். மறுநாள் போனால் மவுண்ட் இல்லை, தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அங்கேயே கழற்றச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கினால், அதில் இன்னொரு எருமை. மங்கலாக, கொம்பு மறுபக்கம் திரும்பி. படத்திலிருந்து அவ்வளவு கரி போயிருக்கிறது! கொம்பின் நுனி இப்போது கொஞ்சம் வெளுப்பு, உற்றுப் பாருங்கள், இந்த இடம். கடைத் தம்பி பயந்துபோய்த் துணியை எடுத்து அந்தக் கண்ணாடியைத் துடைக்கப் போனான். “துடைக்காதே தம்பி” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு கண்ணாடி, இரண்டு விரல் அகலத்துக்கு மவுண்ட், எல்லாம் என் கண்ணெதிரே போடவைத்தேன். ஒரு மணி நேரம் நின்றேன். கூடுதல் காசு கொடுக்கவில்லை.

சாருக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். அவர் திட்டவே இல்லை. “படத்தைக் கொண்டுவாங்க, கொம்பை நான் சரிசெய்து தருகிறேன், கூடவே அந்தக் கண்ணாடியையும் கொண்டுவாங்க, பிள்ளைகளுக்குக் காட்டணும்” என்றார். நாளைக்குக் காலையில் போகிறேன். அவர் கரித்துண்டைப் பிடிக்கிற விதத்தைப் பக்கத்தில் வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். அதனால் குறுக்குத்துறைக்கு முன்னால் அந்த வீடியோதான் வரும். கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன், பஸ்ஸில் உடையாமல் கொண்டுபோக வேண்டும்.