ஒரு பொட்டலம் கல்லுப்பு

அனைவருக்கும் வணக்கம். வசந்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கவிஞர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். 26 வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனைக் கூப்பிட்டுவிட்டீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஊட்டியில் வசந்தம் என்றால் மே மாத மலர்க் கண்காட்சிதான். 1848-இல் அமைத்த தாவரவியல் பூங்காவில் 1896-இல் தொடங்கிய கண்காட்சி. அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தில் சேரிங்கிராஸைத் தாண்ட முடியாமல் பஸ்ஸுக்குள் நின்றவனிடம் பூவைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்களுக்கு வசந்தம் அதற்கு முன்னாலேயே மாரியம்மன் தேரோடு வந்துவிடும்.

ஒரு மாதத் திருவிழா. நாளுக்கு ஒரு சமூகத்தாரின் உபயம். படுகர் உபயமென்றால் வெள்ளை உடுத்திய பெண்களும் தலைப்பாகை கட்டிய ஆண்களும் ஆடிக்கொண்டே வருவார்கள்; மலையாளிகள் உபயத்தில் செண்டை அதிரும். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய தேர். செவ்வாய் பழைய சந்தை நாள். சந்தைக்கு வந்த இரண்டு பெண்கள் வியாபாரிகளிடம் தங்க இடம் கேட்டார்களாம். ஒரு மரத்தடியைக் காட்டினார்களாம். அங்கே போனதும் இருவரும் மறைந்துவிட்டார்கள். அவர்கள்தான் மாரியும் காளியுமாக இன்று ஒரே கருவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஊர்க்கதை.

ஒரு வருஷம் அந்தத் தேர் சமயத்தில் என் மனைவிக்குக் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர். நான் விசில் ஊதிய அதே மலைப்பாதையில், மடியில் பிளாஸ்டிக் கவரோடு அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுவேன். திரும்பி ஏறும்போது எண்ண மாட்டேன், அவள் கண்ணை மூடியிருப்பாள்.

விசேஷம் எதற்கும் போவதில்லை. போனால் 'எப்படி இருக்காங்க?' என்பார்கள். அந்தப் பதில் எனக்கே அலுத்துவிட்டது. 'தேருக்கு வாங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்' என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். ஆறுதல் வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. ஒரு பொட்டலம் கல்லுப்பைக் கையில் திணித்தார். "முட்டி வலி, என்னால கூட்டத்துல நிக்க முடியாது. என் உப்பையும் நீயே போட்டுட்டு வந்துடு தம்பி. அதுவரைக்கும் நான் இவகூட இருக்கேன்."

எங்கள் ஊர் தேரில் உப்பு வீசுவது வழக்கம். உப்பு கரைவதுபோல நோய் கரைய வேண்டும் என்பது நம்பிக்கை. யாரையாவது வீட்டைவிட்டு வெளியே கிளப்ப வேண்டுமென்றால் அக்கா மாதிரி ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். உபதேசத்துக்குக் கிளம்பாதவன் அடுத்தவர் முட்டி வலிக்குக் கிளம்பினான்.

கமர்ஷியல் ரோட்டில் நின்றேன். முதலில் மேளச் சத்தம், அப்புறம் சாமந்தி வாசம், அப்புறம்தான் தேர். வடம் இழுப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆளைப் பார்த்தேன். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். கட்டையை வைப்பார், சக்கரம் ஏறி நிற்கும், உருவுவார், இரண்டடி நகர்ந்து மறுபடி வைப்பார். ஒருதரம்கூட நிமிர்ந்து அம்மனைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்த்ததில் அம்மனைப் பார்க்கவில்லை.

நாலு பக்கமிருந்தும் உப்பு பறந்தது. அப்பா தோளில் இருந்த ஒரு பையன் வீசியதில் பாதி என் மஃப்ளருக்குள்தான் விழுந்தது. அவன் அம்மா மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் உப்பைப் போட்டேன். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதை எங்கள் வீட்டுக் கணக்கில் போட்டேன். தேர் போனபின் ரோடு முழுக்கச் செருப்படியில் நறநறவென்றது.

வீட்டில் மஃப்ளரை உதறியபோது கட்டிலருகே உப்பு சிதறியது. அவள் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். மருந்தில் நாக்கு செத்திருந்த நாட்கள் அவை.

"கரிக்குதா?" என்றேன்.

"இல்ல. கரையறது மட்டும் தெரியுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மனுக்கு என்ன கலர் புடவை?" என்றாள்.

"பச்சை" என்று அடித்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே அக்கா வந்து, மஞ்சளாமே என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.