வறண்ட நிலம் அவ்வளவு கிடக்கும்போது இந்தக் கொண்டைக்கிளிக்கு மட்டும் இடமில்லையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளியில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வாழும் இளஞ்சிவப்புக் காக்கட்டூ என்ற கொண்டைக்கிளியைப் பற்றிப் பேசியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, இந்தக் கிளி வறண்ட நிலத்துப் பறவை என்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் பெரும்பகுதி வறண்ட நிலம்தானே? பிறகு எப்படி அது அருகிப்போகிறது? மரம்தான் பிரச்சினை என்றால் நட்டுவிட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. இதே சந்தேகத்தை இன்னும் நாலைந்து பேர் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பறவையை நினைவுபடுத்திவிடுகிறேன். வெள்ளை இறக்கை, வெளிர் இளஞ்சிவப்பு உடம்பு. தலைக்கொண்டையை மடித்து வைத்திருக்கும்போது வெள்ளையாகத்தான் தெரியும். விரித்தால் சிவப்பு, நடுவில் மஞ்சள், மறுபடி சிவப்பு என்று விசிறி போலப் பட்டைகள் எழும். மஞ்சள் பட்டை நன்றாகத் தெரிவது கிழக்குப் பகுதிக் கிளையினத்தில். அந்தக் கிழக்குக் கிளையினத்தைத்தான் ஆஸ்திரேலிய அரசு 2023-இல் அழியும் அபாயத்தில் உள்ளதாகப் பட்டியலில் சேர்த்தது. மேற்கிலும் நடுப்பகுதியிலும் இருப்பது இன்னொரு கிளையினம். அதற்கு மஞ்சள் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் கிழக்கைப் பற்றி: நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியாவின் வடமேற்கு மூலை, தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்தின் தென்மேற்கு.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். வறண்ட நிலம் என்றதும் நாம் ஒரே மாதிரி மணல்வெளியை நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பறவைக்கு வேண்டியது மூன்று: கூடு வைக்கப் பொந்துள்ள பெரிய மரம், விதை கொடுக்கும் செடி கொடி மரங்கள், குடிக்கத் தண்ணீர். மூன்றும் அது பறந்துபோய்த் திரும்பும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். காய்ந்த விதையைத் தின்று வாழ்வதால் தண்ணீர் இல்லாமல் நாளை ஓட்ட முடியாது. இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த இடம் அந்தப் பெரிய நிலத்தில் திட்டுத்திட்டாகத்தான் கிடக்கிறது.

எந்தெந்த மரம் என்று பார்ப்போம். பெயர்கள் அன்னியமாக இருந்தாலும் பாதி மரங்களின் சொந்தக்காரர்கள் நம் ஊரிலேயே நிற்கிறார்கள். ஓடைக்கரையிலும் ஆற்றங்கரையிலும் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ். நம் தைலமரத் தோப்புகளில் நட்ட வகைகளில் இதுவும் ஒன்று. இங்கே காகிதக் கூழுக்காகச் சில வருடங்களிலேயே வெட்டிவிடுவதால் ஒல்லியான கம்பு மாதிரிதான் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றங்கரையில் பல நூறு வருடம் நின்று, நாலு பேர் கை கோத்தாலும் எட்டாத அடிமரத்தோடு, கிளை முறிந்த இடமெல்லாம் பொந்தாக நிற்கும் மரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே மனம் வராது. வெள்ளம் எப்போதாவது வந்துபோகும் சமவெளியில் பிளாக் பாக்ஸ் என்ற இன்னொரு யூகலிப்டஸ். அப்புறம் சவுக்குக் குடும்பத்தில் பீலா, புலோக் என்று இரண்டு. நம் கடற்கரைச் சவுக்கின் உள்நாட்டு உறவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வடக்கே, வறட்சி கூடக் கூட, முல்கா என்ற வேல மரக் காடு. அங்கெல்லாம் காய்ந்த ஓடைகளின் ஓரமாக வரிசையாக நிற்கும் யூகலிப்டஸ்களில் கூடு வைக்கும், இரை தேடச் சுற்றியிருக்கும் புதருக்குப் போகும்.

மேலி என்ற பெயரும் போன காணொளியில் வந்தது. அது ஒரு மரத்தின் பெயரல்ல. தரைக்கடியில் பெரிய கிழங்கு மாதிரி ஒரு வேர்த்தண்டு, அதிலிருந்து ஐந்தாறு தண்டுகள் குடை விரித்தாற்போல் கிளம்பும் குட்டை யூகலிப்டஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். தீ வந்தால் மேலே எரிந்துபோகும், கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். சாகாது. ஆனால் துளிர்த்த தண்டு கையளவு தடிமன்தான். அதில் காக்கட்டூ நுழைகிற அளவுக்குப் பொந்து உண்டாக வேண்டுமானால் தீயே படாமல் நெடுங்காலம் நிற்க வேண்டும். ஆக, வரைபடத்தில் "மேலிக் காடு" என்று பச்சையாகக் காட்டியிருக்கும் இடமெல்லாம் இந்தப் பறவைக்குக் கூடு தராது. பல இடங்கள் வெறும் இரைக்காடு.

நான் கொஞ்சம் அதிகமாகப் பேச விரும்புகிற மரம் காலிட்ரிஸ். அங்கே சைப்ரஸ் பைன் என்பார்கள், ஆனால் பைன் இல்லை, சைப்ரஸ் குடும்பம். விக்டோரியாவின் வைப்பர்ஃபெல்ட் தேசியப் பூங்காவில் பைன் ப்ளெய்ன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. மணல்மேடுகளுக்கு நடுவே புல்வெளி, புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இந்த மரங்கள். கிழக்குக் கிளையினம் இனப்பெருக்கம் செய்யும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. கூடு பலவும் மெல்லிய சைப்ரஸ் பைன் என்ற வகையின் முதிய மரங்களில், பட்டுப்போன மரங்களிலும் கூட.

இந்த மரம் அந்தப் பறவைக்கு வீடு, அடுக்களை இரண்டுமே. காய் கோலிக்குண்டு போல உருண்டையாக, கட்டையாக இருக்கும். முற்றினால் ஆறு இதழாக வெடித்து, உள்ளே இறக்கை வைத்த சின்ன விதை. காக்கட்டூ அது வெடிக்கும்வரை காத்திருப்பதில்லை. பச்சைக் காயையே காலால் பிடித்து, அலகால் நெரித்து, விதையை நாக்கால் உருட்டி எடுத்துவிட்டு ஓட்டைத் துப்பும். இரை தேடும் மரத்தடியில் நெரித்த காய்களும் கடித்துப்போட்ட குச்சிகளும் சிதறிக் கிடக்கும். பொந்து வாயிலும் இதே வேலைதான். சுற்றிலும் பட்டையை உரித்து, உள் சுவரைக் கடித்துக் கடித்துச் சிராய் பண்ணி அடியில் மெத்தையாகப் போடும். அதன்மேல் இரண்டு முதல் நான்கு முட்டை. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அடைகாக்கும். ஒரு பொந்து சரியாக அமைந்துவிட்டால் அதற்கே பல வருடம் திரும்பி வரும்.

பொந்து எப்படி உண்டாகிறது? நம் ஊரில் மரங்கொத்தி இருக்கிறது. பனையையும் தென்னையையும் கொத்தி அது துளை போட்டுவைக்கும், பிறகு பச்சைக்கிளியும் மைனாவும் அதில் குடியேறும். என் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு மொட்டைப்பனை இருந்தது. மூன்று துளை, மூன்றிலும் கிளி. அதை ஒருநாள் வெட்டிச் சாய்த்தபோது, அது நின்றிருந்த வெற்றிடத்தையே அந்தக் கிளிகள் மாலை வரை சுற்றிச் சுற்றிக் கத்தின. பத்து வயதில் பார்த்தது, இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. ஒரு இனம் கூட இல்லை. கிளை முறிய வேண்டும், பூஞ்சை ஏற வேண்டும், கரையான் குடைய வேண்டும். இதற்கு நூறு, நூற்றைம்பது வருடம், பெரிய பறவைக்கான பொந்து என்றால் அதற்கு மேலும் ஆகும். அங்கே வெட்டப்படும் ஒவ்வொரு பொந்து மரமும் ஒன்றரை நூற்றாண்டின் உழைப்பு.

அப்படிப்பட்ட மரம் எப்படிக் குறைந்தது? ஒரு பெரும்பகுதி கோதுமைக்குப் போனது. மேலி நிலத்தை உழ முடியாதபடி அந்த வேர்க்கட்டைகள் தடுத்துக்கொண்டிருந்தன. 1876-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பவுயர் ஸ்மித் என்பவர் கட்டையில் மோதினால் தானே எழும்பித் தாண்டிப் போகும் ஒரு கலப்பையைச் செய்தார். அதன் பிறகு மேலிக்காடு ஆயிரக்கணக்கான ஏக்கராகச் சாய்ந்தது. சைப்ரஸ் பைனுக்குக் கரையானை எதிர்க்கும் குணம் உண்டு, அதனால் வேலிக்கம்பமாகவும் வீட்டுத் தரைப்பலகையாகவும் போனது.

சரி, அது பழைய கதை, இப்போது தேசியப் பூங்கா இருக்கிறதே என்பீர்கள். இங்கேதான் முயல் வருகிறது. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்காக விக்டோரியாவில் சில முயல்களைத் திறந்துவிட்டார். அவை நாட்டையே மூடிவிட்டன. சைப்ரஸ் பைன், சவுக்கு, முல்கா எல்லாவற்றின் நாற்றையும் முளைத்த வேகத்தில் கடித்துவிடும். ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு முயல் இருந்தாலே போதும், சில மரங்கள் அந்த இடத்தில் கன்று விடுவது நின்றுபோகும். ஆடு, காட்டு வெள்ளாடு, கங்காரு கூட்டம் இவையும் சேர்ந்துகொள்கின்றன. 1950-இல் முயலைக் கொல்லும் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பி அதன் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதே சமயம் நல்ல மழையும் பெய்ததால் பல இடங்களில் பைன் கன்றுகள் தப்பி வளர்ந்தன. கணக்குப் போடுங்கள்: அந்தக் கன்றுகளுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நல்ல மரம்தான், காயும் காய்க்கும், ஆனால் பொந்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையோ காற்றிலும் தீயிலும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கிறது. மேலி மாதிரி இது துளிர்க்காது. கடுந்தீ பட்டால் பைன் செத்தது செத்ததுதான்.

தாத்தா மரம் இருக்கிறது, பேரன் மரம் கொஞ்சம் இருக்கிறது, நடுத்தலைமுறை காணோம். இந்தப் பறவையின் சிக்கல் எனக்குப் புரிந்தவரை இதுதான்.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு விஷயமும் இருக்கிறது. இந்தக் கிளி நெடுநாள் வாழும். சிகாகோவின் புரூக்ஃபீல்ட் உயிரியல் பூங்காவில் குக்கி என்ற ஒரு பறவை 83 வயது வரை வாழ்ந்து 2016-இல் இறந்தது. காட்டில் அவ்வளவு காலம் வாழாது, ஆனாலும் பல பத்தாண்டு வாழக்கூடிய இனம். அதனால் ஓர் ஊர்க்காரர் "எங்கள் பக்கம் தினமும் பார்க்கிறேனே, குறையவில்லையே" என்று சொல்லலாம், அவர் சொல்வது பொய்யும் அல்ல. அவர் பார்ப்பது வருடாவருடம் அதே கிழட்டு ஜோடிகளாக இருக்கலாம். குஞ்சு வெளியே வருகிறதா என்று பார்த்தால்தான் நிலைமை தெரியும்.

ஒரு ஜோடி இன்னொரு ஜோடிக்குப் பக்கத்தில் கூடு வைக்க விடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலா என்ற சாம்பல்-இளஞ்சிவப்புக் காக்கட்டூ, கொரெல்லா என்ற வெள்ளைக் காக்கட்டூ இவை அடுத்தடுத்த மரத்தில் கூடு வைக்கும். நம் பறவைக்கு இடைவெளி வேண்டும். அதனால் பத்து பொந்து ஒரே தோப்பில் இருந்தாலும் ஒரு ஜோடிக்குத்தான் பயன். வயல் ஓரமாகச் சிறு துண்டு காடு விட்டுவைத்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும், இது பிழைக்காது. கோதுமையும் மாட்டுத்தொட்டித் தண்ணீரும் வந்த பிறகு கலாவும் கொரெல்லாவும் பெருகின, பொந்துக்குப் போட்டியும் ஏறிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமைப் பகுதியின் ஓரத்தில் இயான் ரௌலி, கிரேம் சாப்மன் என்ற இரண்டு பறவை ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கலா முட்டையிட்டுவைத்த பொந்தை இளஞ்சிவப்புக் காக்கட்டூ பிடித்துக்கொண்டு, அந்த முட்டையையும் சேர்த்துப் பொரித்து வளர்த்தது. வளர்ந்த கலாக்குஞ்சுகள் தம் இனத்தோடு சேராமல், வளர்த்தவர்களின் கூவலையே பேசிக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு பறந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது.

இரையைப் பொறுத்தவரை அவ்வளவு கவலை இல்லை. வேல விதை, பைன் விதை, மரத்தைத் துளைக்கும் புழு எல்லாம் தின்னும். நம் தரிசில் படரும் குமட்டிக்காயின் சொந்தமான காட்டுத் தர்ப்பூசணி வகைகள் அங்கே களையாகப் பரவிக் கிடக்கின்றன. அதைப் பிளந்து விதையை எடுக்கும். சிந்திய கோதுமைக்காகச் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுவதுதான் வருத்தம்.

குஞ்சு திருட்டைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நடக்கிறது. அழகான பறவை, கள்ளச்சந்தையில் விலை உண்டு. குஞ்சை எடுக்கப் பொந்தை ரம்பத்தால் அறுத்துத் திறக்கிறார்கள். குஞ்சு போவது அந்த ஒரு வருடத்து இழப்பு, பொந்து போனால் அடுத்த எத்தனையோ வருடத்துக் குஞ்சுகளும் போயின.

இந்தப் பறவையின் பெயர் மேஜர் மிட்செல் காக்கட்டூ என்று படித்தோமே, நீங்கள் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்றும் ஒரு கேள்வி. மிட்செல் என்பவர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டை அளந்து பயணம் செய்த ஆங்கிலேய அதிகாரி. 1836-இல் மவுண்ட் டிஸ்பெர்ஷன் என்ற இடத்தில் மிட்செலின் பயணக்குழு பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றது. அதனால் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் அந்தப் பெயரை விட்டுவிட்டது. நானும் விட்டுவிட்டேன்.

கடைசியாக, மரம் நட்டால் சரியாகுமா? நட வேண்டும், கண்டிப்பாக. ஆனால் தம்பி, நட்டுவிட்டு வந்துவிட்டால் முயலுக்குத் தீனி போட்ட கணக்குத்தான். முதலில் முயல் வளைகளை உடைத்து மூட வேண்டும், ஆட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், கன்றுக்கு வேலி போட வேண்டும். நிற்கிற கிழ மரங்களை, பட்ட மரத்தையும் சேர்த்து, விறகுக்கும் தீக்கும் விடாமல் காக்க வேண்டும். அந்த நூறு வருட இடைவெளியைக் கடக்கச் செயற்கைப் பொந்தும் ஒரு வழி. பலகைப் பெட்டியைக் கட்டினால் அந்த ஊர் வெயிலில் உள்ளே வெந்துவிடும், கலாவும் முந்திக்கொள்ளும். அதனால் மரத்திலேயே ரம்பத்தால் பொந்து குடைகிறார்கள். வடமேற்கு விக்டோரியாவில் காட்டுத்தீயில் கூடு மரங்கள் போன பிறகு இந்தக் காக்கட்டூவுக்காகவே அப்படிச் செய்தார்கள். அடிமரத்தின் முகப்பில் ஒரு பலகையளவு அறுத்து எடுத்து, உள்ளே குழியாகக் குடைந்துவிட்டு, அந்தப் பலகையையே மூடியாகத் திருப்பிப் பொருத்தி, மேலே நுழைவாயில் மட்டும் விடுகிற முறை ஒன்று உண்டு. எப்படி அறுப்பது என்பதை அடுத்த காணொளியில் ஒரு மரக்கட்டையை வைத்தே காட்டுகிறேன்.