ஆச்சியை வளர்த்த ராத்திரி

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாட்டார்களே, நகரத்தார்களே, பந்தலும் மின்விளக்கும் உபயம் செய்த சிங்கப்பூர் அன்பர் அவர்களே, இந்த வயதிலும் ஆர்மோனியத்தில் விரல் தளராத பின்பாட்டு வாத்தியார் அவர்களே, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் கலைஞர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். வேப்பமரத்தடியில் காவல்துறை நண்பர்கள் இருவர் நிற்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம். அவர்களோடு பிறகு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

வாழ்த்துரை வழங்கிய பெரியவர்கள் எனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்டார்கள். போகட்டும், மைக்கைப் பிடித்த கை லேசில் விடாது. நானும் அந்தச் சாதிதான்.

ஆச்சி மனோரமாவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். நாடக மேடை ஒன்று, வெள்ளித்திரை ஒன்று, சின்னத்திரை ஒன்று. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அந்தச் சொலவடைக்குக் கையும் காலும் முளைத்து ஊருக்குள் நடந்தால் அதற்குப் பேர் மனோரமா.

பிறந்தது 1937 மே 26, மன்னார்குடியில். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. பெற்றோர் வைத்த பேர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, அம்மா ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம்ம காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்துதான் பிழைப்பு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. பள்ளத்தூருக்கு 'அந்தமான் காதலி' என்று ஒரு நாடகம் போட வந்தார்கள். அதில் பாட வேண்டியவருக்குப் பாட்டு வரவில்லை. கூப்பிடு அந்தப் பிள்ளையை என்றார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி பாடினாள். மேடை அவளை அப்படியே பிடித்துக்கொண்டது.

மனோரமா என்ற பேரைக் கொடுத்தவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். வாத்தியாரே, கேட்டுக்கொள்ளுங்கள்! அந்தப் பேரில் பாதி உங்கள் பெட்டிக்குச் சொந்தம்.

அந்த நாடகங்களெல்லாம் நடந்தது ராத்திரியில். இதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். காரணம் பின்னால் வரும்.

1958-இல் கவியரசர் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அதன்பிறகு நாகேஷோடு, சோவோடு எத்தனை படம்! 1985-இல் ஆயிரம் படங்களைக் கடந்து கின்னஸ் புத்தகத்தில் பேர் ஏறியது. 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. அண்ணாவோடும் கலைஞரோடும் நாடக மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். மூவரோடும் திரையில் என்று ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வேடம். 1968-இல் 'தில்லானா மோகனாம்ப'ளில் ஜில் ஜில் ரமாமணி. அவள் யார்? ஒரு நாடகக்காரி! அந்தக் குலுக்கல், அந்த இழுப்பு, பெரிய வித்வான் முன்னால் வெட்கமே இல்லாமல் வெள்ளந்தியாக நிற்கிற அந்த நிற்பு, இதெல்லாம் ஸ்டுடியோ விளக்கு சொல்லிக்கொடுத்ததா? ராத்திரி மேடையில் நின்ற கால், ஐயா. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம், பக்கத்து ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் திருவிழா, வள்ளி திருமணம் நாடகம். பத்தரைக்கு பபூன் மேடையேறினான். டான்ஸ்காரம்மாவோடு அவன் சண்டை முடியவே பன்னிரண்டு. அப்போதுதான் வள்ளி தினைப்புனத்துக்கே வந்தாள். "ஆலோலம்" என்று வாயெடுத்தாள், ஜீப் வந்து நின்றது. "நேரம் முடிஞ்சுது, மைக்கை அணைங்க."

ஊர்ப் பெரியவர் கெஞ்சினார். "சார், சாமி கல்யாணம். பாதியில நிறுத்தினா ஊருக்கு ஆகாது." அதிகாரி நல்ல மனிதர்தான். "சரி, அஞ்சு நிமிஷத்துல கல்யாணத்தை முடிங்க" என்றார். அஞ்சு நிமிஷத்தில்! விடிய விடிய நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ண வேண்டும், வேடன் வர வேண்டும், கிழவன் வர வேண்டும், யானை வர வேண்டும். முருகன் அங்கே கொட்டகைக்குள் பாதி முகத்துக்குத்தான் அரிதாரம் பூசியிருக்கிறார். அப்படியே இழுத்து வந்தார்கள். ஒரு கன்னம் ரோஸ், ஒரு கன்னம் கறுப்பு. நாரதர் ஓடிவந்து "கலகம் பண்ண நேரமில்லை சுவாமி, மாலையைப் போடுங்கள்" என்றார். போட்டார். வள்ளி திருதிருவென்று விழிக்கிறாள். கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து கத்தினாள் பாருங்கள்: "அடப் பாவிகளா, பொண்ணு பாக்காமலே தாலியா? இது என்ன ஓடிப்போற கல்யாணமா?"

சிரிக்கிறீர்கள். அந்த முருகன் அன்றைக்கு அழுதார். நாடக சீசன் பங்குனியில் தொடங்கி ஆடியோடு முடிகிறது. அந்தச் சில மாதச் சம்பளத்தில்தான் ஒரு வருஷச் சாப்பாடு. ஒரு ராத்திரி பாதியில் நின்றால் அடுத்த வருஷம் அந்த ஊர் நாடகமே வைக்காது, மெல்லிசைக் கச்சேரி வைத்துவிடும்.

சட்டம் தெரியாமல் பேசவில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், இரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். நோயாளி தூங்க வேண்டும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தூங்க வேண்டும். நான் மறுக்கவில்லை. கூம்புக் குழாயைக் கட்டி நாலு ஊருக்கு அலற விடுகிறவனை முதலில் பிடியுங்கள், நானே கூட வருகிறேன். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணத்தைப் பன்னிரண்டு மணிக்கு முடியும்படி எழுதவில்லை. பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் அப்படித்தான். சாவித்திரி எமனோடு வாதாடிக்கொண்டிருக்கும்போது மைக்கை அணைத்தால் சத்தியவான் கதி என்ன?

நாங்கள் கேட்பது கொஞ்சம். ஒரு ஊருக்கு வருஷத்தில் ஒரே ராத்திரி, திருவிழா ராத்திரி, விடியும் வரை. கூம்புக் குழாய் கிடையாது, பந்தலுக்குள் மட்டும் கேட்கிற பெட்டி ஒலிபெருக்கி. இதற்காக விதியைத் திருத்த மாநில அரசு மத்திய அரசுக்கு எழுத வேண்டும். ஆச்சிக்கு நினைவு நாள் கொண்டாடுகிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம். இன்னொரு கோபிசாந்தா இந்தக் கூட்டத்திலேயே எங்கேயாவது பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். அவள் ஏறிப் பாட மேடை வேண்டாமா? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, சரி. ஆடவே விடாத கால் என்ன செய்யும்?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மணி ஒன்பது நாற்பது, அவர் காட்டுவதும் நியாயம்தான். சின்னத்திரைத் தொடர்களில் ஆச்சி நடித்ததைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அதை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. காவல்துறை நண்பர்களே, நீங்களும் போடலாம், தடையில்லை. நன்றி, வணக்கம்.