வீட்டைப் பார்க்க முன் கிணற்றைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் மடியில் இப்போது ஒரு கயிறு இருக்கிறது. வானொலியில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். நைலோன் கயிறு, முழத்துக்கு ஒரு முடிச்சு, நுனியில் பாரத்துக்கு ஒரு இரும்பு நட்டு. பத்து வருடமாக மாதத்தில் ஒரு தடவை இதை எங்கள் உரும்பிராய் வீட்டுக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனையாவது முடிச்சைத் தொடுகிறது என்று கொப்பியில் எழுதி வருகிறேன். இந்த வருடம் மாசியில் ஒன்பதாவது முடிச்சு. இன்று காலை இங்கே வெளிக்கிட முன் இறக்கிப் பார்த்தேன், பதின்மூன்று. புரட்டாசி முடியப் போகிறது, மழை இன்னும் வரவில்லை. கிணறு மிகவும் வற்றி நிற்கிற நேரம் இதுதான். இந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டதற்கு நிலையத்தாருக்கு நன்றி.

குளிர் நாடுகளில் இருந்தும், மலைநாட்டில் இருந்தும், கொழும்பில் இருந்தும் யாழ்ப்பாணம் வந்து இருக்க விரும்புகிறவர்கள் எதை எதை யோசிக்க வேண்டும் என்று கதைக்கச் சொன்னார்கள். நானும் அப்படி வந்தவள்தான். நுவரெலியாவில் 22 வருடம் புவியியல் படிப்பித்துவிட்டு, ஓய்வெடுத்த கையோடு ஊருக்கு வந்தேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். என் கணவருக்கு முழங்கால் நோ. நுவரெலியாவில் தை மாத விடியலில், வெளியே புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும்போது, அவர் கட்டிலால் இறங்கக் கால் மணித்தியாலம் எடுக்கும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குசினிக்கு வருவார். இங்கே வந்து மூன்றாம் மாதம், ஒருநாள் அவரைக் காணவில்லை என்று தேடினால், மனுசன் சைக்கிளில் சந்தைக்குப் போய் கீரையும் விளைமீனும் வாங்கிக்கொண்டு வருகிறார். இதை நான் வைத்தியம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். சுவெற்றர் இல்லை, ஹீற்றர் இல்லை, பகலெல்லாம் யன்னல் திறந்திருக்கிறது. வைகாசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், தையில் பனங்கிழங்கு. பின்னேரம் பருத்தித்துறைக் கரையில் போய் நின்றால் நெஞ்சு நிறையக் காற்று. இதெல்லாம் சின்ன விஷயமா? இல்லவே இல்லை.

அடுத்தது வெயில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகலில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். ஓகஸ்ட் கடைசியிலும் இன்னொரு தடவை அப்படி வரும். ஆனால் ஆளைச் சோர்த்துப் போடுவது வெயிலைவிடப் புழுக்கம்தான். மூன்று பக்கமும் கடல், நடுவிலே கடலேரி, காற்றில் எப்போதும் ஈரம். வியர்வை காயாது. சித்திரை வைகாசியில் இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். பிறகு சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்பும், உடம்புக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், கூடவே வீடு முழுக்கப் புழுதியும் வரும். பழைய நாற்சார் வீடுகளில் நடு முற்றமும் விறாந்தையும் ஓட்டுக் கூரையும் வைத்தது இந்தப் புழுக்கத்துக்காகத்தான். இப்போது தட்டையாகக் கொங்கிறீற் போட்டுவிட்டு ஏசி பூட்டுகிறோம். வீடு கட்டுகிறவர்கள் பழைய வீடு ஒன்றில் ஒரு மத்தியானம் படுத்து எழும்பிப் பாருங்கள்.

சரி, வெயிலுக்கு விசிறி இருக்கிறது, நிழல் இருக்கிறது. தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்? நான் கதைக்க வந்தது அதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். காலம் காலமாக நாங்கள் குடித்தது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தில் வானம் தந்த தண்ணீர். அது செம்மண்ணால் இறங்கி, கீழே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்குகிறது. அதற்கும் கீழே என்ன? கடல். எங்கள் காலுக்குக் கீழே, உரும்பிராயிலும்கூட, ஆழத்தில் கடல் தண்ணீர் நிற்கிறது. நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கிறது.

இதை வகுப்பில் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். வானொலியில் கீற முடியாது, அதனால் தராசு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லீற்றர் கடல் தண்ணீர் அதைவிட ஏறத்தாழ 25 கிராம் கூட. அவ்வளவுதான் வித்தியாசம். ஆயிரத்தை 25 ஆல் பிரியுங்கள், 40 வரும். இந்த நாற்பதுதான் எங்கள் தலைவிதி. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் பாரம் கடல் தண்ணீரை நாற்பது அடி கீழே அமத்தி வைத்திருக்கும். திருப்பிச் சொல்கிறேன், மேலே ஒரு அடி, கீழே நாற்பது அடி. இப்போது நீங்கள் பெரிய மோட்டர் பூட்டி இறைத்து அந்த ஒரு அடியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? கீழே அமந்து கிடந்தது மெல்ல மெல்ல எழும்பும். உடனே எழும்பாது. ஒரு வருடம், இரண்டு வருடம் பிடிக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

நிலாவரைக் கிணற்றை எல்லோரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் எழும்பும் என்று எங்கள் அப்பாச்சியும் சொன்னா, உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். தேசிக்காய் போகிறதோ இல்லையோ, அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு நிலத்துக்குக் கீழே வழி இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதே நிலாவரையில் மேல் தண்ணீர் நல்லது, ஆழத்துக்குப் போகப் போக உவர். நான் இவ்வளவு நேரம் தராசு வைத்துச் சொன்னதை அந்த ஒரு கிணறு காட்டும்.

இப்போது என் தம்பியின் கதை. அவனிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். முப்பது வருடம் ரொறன்ரோவில் இருந்தவன். ஒரு மார்கழி விடுமுறைக்கு வந்து, கரையோரமாக நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர், காணி பார்த்தான். பழைய கிணறு ஒன்று, தண்ணீர் கைக்கு எட்டுகிற அளவில் தளும்பிக்கொண்டு நின்றது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "அக்கா, இளநி மாதிரிக் கிடக்கு. இதுக்கு மேல என்ன பாக்கிறது?" என்றான். "தம்பி, ஆவணி புரட்டாசியில ஒருக்கா வந்து குடிச்சுப் பாத்திட்டு வாங்கு" என்று சொன்னேன். ஆவணியில் லீவு இல்லை, காணியும் போய்விடும் என்று அந்தக் கிழமையே எழுதிவிட்டான்.

வீடு நல்லாகத்தான் கட்டினான். கட்டும்போதே குழாய்க் கிணறும் அடித்து, அதற்குப் பெரிய மோட்டர் ஒன்றும் பூட்டினான். முன்னுக்குப் புற்றரை போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டான். கனடாவில் பழகிய பழக்கம். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் ஆடியில் தக்காளி இலையின் கரைகள் கருகத் தொடங்கின. பூச்சி என்று மருந்தடித்தான். மூன்றாம் வருடம் ஆவணியில் நான் போயிருந்தேன். தம்பி பெண்சாதி தேத்தண்ணீர் தந்தா. நுவரெலியாத் தேயிலை, நானே கொண்டுபோய்க் கொடுத்தது. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. சீனி போட்டும் உப்பு மறையவில்லை. கையைக் கழுவினால் சவர்க்காரம் நுரைக்கிறதே இல்லை.

அதைக்கூடப் பொறுக்கலாம். அவனுடைய வளவு, அவனுடைய மோட்டர். ஆனால் பக்கத்து வளவில் ஒரு ஆச்சி இருந்தா, இப்போதும் இருக்கிறா. கலியாணம் கட்டி வந்த நாள் முதல் அறுபது வருடமாக, தன் வீட்டுச் சின்னக் கிணற்றில் வாளியால் அள்ளிக் குடித்தவ. நான் போன அன்று ஒரு பிளாஸ்ரிக் குடத்தோடு தெருவைக் கடந்து கோயில் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தா. ஏன் ஆச்சி என்று கேட்டேன். "என்ர கிணறு கைச்சுப் போச்சுப் பிள்ளை" என்றா. யாரையும் குறை சொல்லவில்லை. தன் கிணற்றுக்கு வருத்தம் வந்ததுபோலச் சொன்னா. தம்பி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

மதில் நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது, நேயர்களே. கீழே மதில் இல்லை. நீங்கள் இறைப்பது பக்கத்து வீட்டுத் தண்ணீரும்தான். அந்தக் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். மனுசர் களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். மோட்டர் களைக்காது.

பிறகு அவன் குழாய்க் கிணற்றை மூடினான். புற்றரையைக் கிளறிவிட்டு வாழையும் முருங்கையும் வைத்தான். பழைய கிணற்றில் சின்ன மோட்டர், காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம். கூரைக்குப் பீலி பூட்டி, மழைத் தண்ணீரைத் தாங்கிக்கு எடுக்கிறான். இதில் கணக்கு மிகச் சுகம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். கார்த்திகையில் அப்படி ஒரு மழைநாள் வரும், நாங்கள் அதை ஒழுங்கை வழியே கடலுக்கு அனுப்பிவிடுகிறோம். தம்பியின் தாங்கி நிரம்பி மிஞ்சுவது இப்போது ஒரு கிடங்கு வழியாக நிலத்துக்குள் இறங்குகிறது. இரண்டு மாரி போன பிறகு, ஆச்சி மறுபடி தன் கிணற்றில் தேத்தண்ணீர் போடுகிறா. பழைய ருசி இன்னும் வரவில்லை என்று சொல்லுகிறா. வரும் என்று நான் நம்புகிறேன்.

குழாய்த் தண்ணீர் வருகிறதுதானே, இனி ஏன் கிணறு என்று சிலர் கேட்பார்கள். 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர் எடுக்கக்கூடியது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் கடலில் இருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், காசு வேண்டும். வானம் சும்மா தருவதைக் கெடுத்துவிட்டு அதை நம்பியிருக்க என் மனம் ஒப்பவில்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே கடலேரிகளில் மழைத் தண்ணீரை மறித்து அவற்றை நன்னீராக்கலாம் என்று திட்டம் போட்டார். தொண்டைமானாற்று அணை அந்த எண்ணத்தோடு சேர்ந்ததுதான். அது தனியாக ஒரு நாள் கதைக்க வேண்டிய விஷயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம். சரி, மற்றதைக் கெதியாகச் சொல்கிறேன்.

தோட்டக் காணிகளுக்கு நடுவே வாங்குகிறவர்கள் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்று எவ்வளவு என்று கேளுங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற பசளை கீழே இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். நிறம் இல்லை, மணம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. மலகூடக் குழி கிணற்றில் இருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும். இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடிதான் வரும். வாங்க முன் நாடா பிடித்து அளந்து பாருங்கள்.

கடற்கரையில் இரும்பு நிற்காது. கேற்றும் யன்னல் கம்பியும் துருப்பிடிக்கும், கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்தால் தட்டு வெடிக்கும். கடல் மணலைக் கழுவாமல் கட்டட வேலைக்கு எடுக்க விடாதீர்கள். மாரியில் நுளம்பு, டெங்கு. தாங்கிகளுக்கு வலை போடுங்கள். வடமராட்சி கிழக்கில் வாங்குகிறவர்கள் 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி அந்த ஊர்ச் சனத்திடம் கேளுங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் காட்டுவார்கள். தாழ்ந்த காணியா என்று அறிய, 2008 இல் நிஷா புயல் மழைக்கு இந்த வளவில் எவ்வளவு நின்றது என்று அயலைக் கேளுங்கள்.

தனிமையைப் பற்றியும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே வயது போவதைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். நேரம் போய்விட்டது. ஒன்று மட்டும். வீடு பார்க்க வரும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று போய்க் கதையுங்கள், அவர்கள் கிணற்றிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். இரவில் நெஞ்சு நோவென்றால் ஓடி வரப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மழைக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமை இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து கேட்கிறவர்கள், காணி பார்த்து வைத்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊரில் உள்ள சொந்தக்காரர் யாரையாவது ஒரு போத்தலோடு அனுப்புங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணீர் போட்டுக் குடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள்.

வணக்கம்.