செத்தவனைக் கும்பிடும் சீமை

நடுவர் அவர்களே, கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். 'மனிதரை உள்ளபடி காட்டுவது நம்பிக்கையா, துயரமா?' என்ற தலைப்பில், துயரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் நல்ல உதாரணம் சொன்னார். 2023 டிசம்பர் 17 ராத்திரி, பேய்மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. உள்ளே ஏறத்தாழ 800 பேர். பக்கத்துப் புதுக்குடி சனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். 'நம்பிக்கைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?' என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, அவர்களைச் சுற்றியும் வெள்ளம்தானே? எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியா உலை வைத்தார்கள்? 1992 வெள்ளத்தையும் பார்த்த தாமிரபரணிக் கரை இது. தனக்கும் இந்தக் கதி வரும் என்று தெரிந்தவன்தான் இருக்கிற அரிசியைப் பங்கு வைப்பான்.

அப்புறம், துயரம் மனிதனை முடக்கிவிடும் என்றார். முடக்கவில்லையே! நம் சீமையில் யாரைக் கும்பிடுகிறோம்? பாதிப் பீடங்கள் வெட்டுப்பட்டுச் செத்தவர்களுக்கு நிற்பவை. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். பிராமணனாகப் பிறந்தவன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்தான். செருப்புத் தைக்கக் கற்றான். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் அவன் சிதையில் விழுந்தார்கள்.

சின்னப் பிள்ளையில் ஆச்சி மடியில் படுத்து இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். நடுச்சாமம். வீசுகோல் வில்லில் விழ விழ, குடம் அதிரும். அவன் சாகிற இடம் வரும்போது பொம்பளைகள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். 'ஆச்சி, இந்த வருசமாவது அவனைப் பொழைக்க வைக்கக் கூடாதா?' என்று கேட்டேன். 'அப்படிப் பாடினா பொய்யால்லா போயிரும், ஏட்டி' என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவள் என் ஆச்சி. மனிதன் அன்பு வைப்பான், அப்படி அன்பு வைத்தவனையே இன்னொரு மனிதன் வெட்டுவான்; இரண்டும் அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் சாதி மாறிக் காதலித்த பிள்ளையை வெட்டிய செய்தி இந்த மாவட்டத்திலிருந்து வருகிறதே! காலம் மாறிவிட்டது என்று மேடையில் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையைப் பெற்றவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? வெட்டியவனும் நம் தெருவில் விளையாடி வளர்ந்தவன்தான். அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

காரையாற்றில் சொரிமுத்தையனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே பட்டவராயனாக நிற்பவன் அந்த முத்துப்பட்டன்தான். அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்பு, யாரோ போட்டு நடந்த மாதிரி தேய்ந்திருக்கும் என்று சனங்கள் சொல்கிறார்கள். அவன் இன்னும் காவலுக்குப் போகிறானாம்.

நடுவர் அவர்களே, நன்றி. வணக்கம்.