வைகாசியில் நட்ட கன்று

(மட்டக்களப்பு படுவான்கரைக் கிராமம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மரம் நடக் கூப்பிட்ட இடத்தில் மரநடுகையைக் குறை சொல்லித்தான் தொடங்கப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.

உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. ஐ.நா. 1972இல் குறித்த நாள். எங்களுக்கு அது வைகாசி. மாரி போய் மாதக்கணக்காகி, கச்சான் காற்று மண்ணில் கிடக்கும் கடைசி ஈரத்தையும் உறிஞ்சுகிற நேரம். அந்த வெயிலில்தான் பந்தல் போட்டு, பிரமுகர் கையில் கன்றைக் கொடுத்துப் படம் எடுக்கிறோம். ஆடி பிறக்க முன்னமே கன்று சருகு. மறுகா அடுத்த வருஷம் அதே குழியில் இன்னொரு கன்று! ஜூனில் கூட்டம் வையுங்கள், விதை பொறுக்குங்கள், வேலிக்குக் கம்பு வெட்டுங்கள். நடுவதை ஐப்பசி மழைக்கு விடுங்கள்.

அடுத்தது, எதை நடுவது? இந்தப் பக்கத்துக் காடு பாலை, வீரை, முதிரை, விண்ணாங்கு, கருங்காலி நிற்கிற காடு. ஆற்றோரத்தில் மருது, வெள்ளம் வந்தாலும் அசையாது. ஆனால் விழாவுக்கு வருவதெல்லாம் தேக்கும் மகோகனியும் சிவப்பாய்ப் பூக்கிற ஏதாவது ஒன்றும்தான். பாலை மெதுவாக வளரும், அதனால் யாருக்கும் பொறுமை இல்லை. அதன் பழம் மட்டும் வேண்டும்.

மரத்தை விட எனக்கு முக்கியம் பற்றை, அந்த முட்புதர். ஊர் கூடிச் சிரமதானம் என்றால் முதலில் கத்தி விழுவது அதில்தான். சூரை, காரை, கிளா, குருந்து எல்லாம் 'குப்பை' என்று வெட்டி எரிக்கிறோம். அந்த முள்ளுக்குள் போய்ப் பாருங்கள். மாடு வாய் வைக்க முடியாத இடத்தில், நிழலில், சருகு மக்கிய மண்ணில் சின்னக் கன்றுகள் தானாக முளைத்து நிற்கும். யார் நட்டது? பழம் தின்ற கொண்டைக்குருவி வந்து இருந்து எச்சமிட்டது. வெட்டவெளியில் குருவி இருக்க இடமில்லை, விதையும் விழாது. அதனால் வெறுங்காணியில் முதல் இரண்டு மூன்று வருஷம் பற்றையை வளர விடுங்கள். நடுவதென்றாலும் அதன் ஓரத்தில் நடுங்கள். ஆனால் உன்னிச்செடியையும் இப்பில் இப்பிலையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வெளியிலிருந்து வந்தவை. விட்டால் மற்றதை முளைக்கவே விடாது.

இனி எங்கள் மட்டக்களப்பு வாவிக்கு வருவோம். உப்புத்தண்ணீர்ச் சேற்றில் நிற்கிற கண்டல் காடு எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் பாதுகாப்பென்று வெட்டினார்கள், இறால் பண்ணைக்கு வெட்டினார்கள், விறகுக்கு நாமும் வெட்டினோம். சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் திரும்ப நட்டார்கள். இலங்கையின் அந்த நடுகைகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்டது 1,000 ஹெக்டயருக்கு மேல், தேறியது 200 சொச்சம். காரணம் பெரிய மர்மம் இல்லை. இடம் பிழை, இனம் பிழை, நட்ட பிறகு திரும்பிப் பார்க்கவில்லை, மாடு மிதித்தது.

கண்டல் காட்டில் பல மரம் உண்டு. அதில் கண்டல் என்கிற மரத்தின் விதை நீட்டு முருங்கைக்காய் மாதிரி. சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, அதனால் எல்லோரும் அதையே குத்துகிறார்கள். ஆனால் கண்ணாவுக்கு ஓர் இடம், கிண்ணைக்கு நல்ல தண்ணீர் கலக்கிற இடம், தில்லைக்குக் கரை மேடு. மண்டூர்க் கோயிலடியில் தில்லை நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதோடு, எங்கள் வாவியின் நீர்மட்டத்தைக் கடல் வற்றுப்பெருக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிறதா, வெட்டித் திறந்ததா என்பதும் மழையும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். கோடையில் தெரிகிற சேற்றில் நட்ட கன்று மார்கழியில் மூழ்கிச் சாகும். எந்தச் சேறு எத்தனை மாதம் தண்ணீருக்குள் கிடக்கும் என்பது தோணிக்காரருக்குத் தெரியும். திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் அவர்களிடம் கேட்பதில்லை, எனக்கு அதுதான் கோபம்.

கடற்கரைக்கு ஒரே ஒரு சொல். திருக்கோவில், கல்முனைப் பக்கம் மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று மேடைகளில் சொல்லிவிட்டு, சவுக்கு நடுவதற்காக அந்தக் கொடியையே பிடுங்குகிறோம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? இப்போது வீதியோரத்தில் பாலைப்பழம் விற்கிறார்கள். தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பாதீர்கள், கழுவிக் காயவைத்துப் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். நாவல் கொட்டையை மட்டும் வைத்திருக்கக் கூடாது. சில கிழமையில் முளைப்பு போய்விடும், பழம் தின்ற கையோடு பையில் ஊன்றுங்கள்.

வேலியைப் பற்றி நான் தனியாக முடிவெடுக்க முடியாது. அறுவடை முடிந்து மாடுகள் ஊருக்குள் இறங்கினால் எந்தக் கன்றும் மிஞ்சாது. அதனால் பட்டி வைத்திருக்கிற அண்ணன்மார் கூட்டம் கலைந்த பிறகு கொஞ்சம் இருங்கள். குளக்கட்டுக்கு அப்பால் எந்தத் துண்டை மூன்று வருஷத்துக்கு விட்டுத் தரலாம், மாட்டை எந்த வழியால் சாய்க்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.