துக்க வீட்டுக்கும் கேரல் போகணும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஆவிக்குரிய அர்த்தம் என்னன்னு பேச சொன்னாங்க, நான் நேரா லூக்கா சுவிசேஷத்துக்கே போயிடறேன், ஏன்னா முதல் ரெண்டு அதிகாரத்துக்குள்ளயே நாலு பாட்டு வந்துடுது.

யாரு பாடறாங்கன்னு பாருங்க. முதல்ல மரியாள். கல்யாணம் இன்னும் ஆகல, வயித்துல புள்ள, ஊர் என்ன பேசுமோ, மலைநாட்டுல இருக்கற சொந்தக்கார அம்மா எலிசபெத் வீட்டுக்கு வேகமா கிளம்பி போறாங்க, அங்க உள்ள போய் ஸ்தோத்திரம் சொல்லி ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள பாட்டு வந்துடுது. அதாவது முதல் கிறிஸ்மஸ் பாட்டு கேட்டது ஒரு வீட்டுக்குள்ள, கேட்டவங்க வயசான ஒரு கர்ப்பிணி. அப்புறம் எலிசபெத் புருஷன் சகரியா, புள்ளைக்கு பேர் வைக்கற நாள் வரைக்கும் வாய் பேச முடியாம இருந்தவர். அப்புறம் தூதர் கூட்டம், அதை கேட்க கொடுத்து வச்சது ராத்திரி காவல் இருந்த மேய்ப்பருங்க. கடைசியா சிமியோன், கிறிஸ்துவ பாக்காம சாக மாட்டேன்னு காத்திருந்தவர், குழந்தை இயேசுவ கைல ஏந்திக்கிட்டு இனிமே நான் நிம்மதியா போகலாம் ஆண்டவரேன்னு பாடறார்.

மரியாள் பாட்ட வீட்டுக்கு போய் நிதானமா வாசிங்க. பலவான்கள ஆசனத்துல இருந்து தள்ளினார், பசியா இருந்தவங்கள நன்மையால நிரப்பினார்னு எல்லாம் நடந்து முடிஞ்ச மாதிரியே பாடறாங்க. ஆனா ஏரோது அப்பவும் சிங்காசனத்துல தான் இருக்கான், ரோம் ராஜ்யத்துக்கு ஒரு குறையும் வரல, புள்ளயே இன்னும் பொறக்கல! அதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடி, சாமுவேல பெத்த அன்னாளும் கிட்டத்தட்ட இதே பாட்ட தான் பாடினாங்க, வருஷக்கணக்கா புள்ள இல்லாம அழுதவங்க. நான் விசுவாசிக்கறது இது தான்: நிலைமை மாறறதுக்கு முன்னாடியே தேவன் வந்துட்டார்னு நம்பி வாய் தொறக்கறது தான் கிறிஸ்மஸ் பாட்டு. மால்ல நவம்பர்லயே போட ஆரம்பிக்கறாங்களே, அதுல சந்தோஷம் இருக்கு, ஆனா அழறவனுக்கு அதுல இடம் கிடையாது.

சைலன்ட் நைட் பாட்ட எடுத்துக்குங்க. வரிகள எழுதின ஜோசப் மோர்ங்கற பாதிரியார், அப்பா இல்லாம வளந்தவர், அம்மா ஏழை, துணி வேலை செஞ்சு பொழச்சவங்க. அவர் எழுதினது 1816ல. அதுக்கு முந்தின வருஷம் தான் நம்ம பக்கத்துல, இந்தோனேசியாவுல, தம்போரா எரிமலை வெடிச்சுது, அந்த சாம்பல் வானத்துல பரவி 1816ல ஐரோப்பாவுல கோடை காலமே சரியா வரல, பயிர் போச்சு, பஞ்சம். நெப்போலியன் சண்டை முடிஞ்ச கையோட இது வேற. அந்த வருஷத்துல ஒரு மனுஷன் பரலோக சமாதானத்துல தூங்குன்னு ஒரு குழந்தைக்கு எழுதறார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1818 கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி, ஆஸ்திரியாவுல ஓபர்ன்டார்ஃப்ங்கற ஊர்ல, குரூபர்ங்கற வாத்தியார் போட்ட மெட்டுல, ஒரு கிட்டார் வச்சு ரெண்டு பேரும் பாடினாங்க. (ஆர்கன எலி கடிச்சிடுச்சுன்னு சொல்றது பின்னாடி சேர்ந்த கதை.) அதே 1818ல தான் இங்க பினாங்கு ஜார்ஜ் டவுன்ல செயின்ட் ஜார்ஜ் சர்ச்ச கட்டி முடிச்சாங்க, அந்த பக்கம் போறப்ப எல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

இப்ப நம்ம ஊர் விஷயம். வீடு வீடா போய் கிறிஸ்மஸ் பாட்டு பாடறோமே, துக்கம் நடந்த வீட்டுக்கு அந்த வருஷம் அந்த கேரல் போக மாட்டோம், அவங்களும் ஸ்டார் கட்ட மாட்டாங்க, பலகாரம் செய்ய மாட்டாங்க. மரியாதைக்கு தான் அப்படி செய்யறோம், எனக்கு புரியுது. ஆனா ஒரு தடவ ரைபிள் ரேஞ்ச் பிளாட்ல ஒரு பாட்டி, மகன பறிகொடுத்தவங்க, படுத்த படுக்கை, பக்கத்து வீட்டுக்கு நாங்க வந்த சத்தம் கேட்டு ஆள் விட்டு கூப்பிட்டாங்க. காரிடார்ல செருப்ப கழட்டி போட்டுட்டு கீபோர்ட வெளியவே வச்சுட்டு உள்ள போனோம். ஒரு பழைய கீர்த்தனை கேட்டாங்க, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்து மாதிரி ராகம் தாளத்தோட இருக்கறது, நம்ம பிள்ளைங்க போன்ல வரிய தேடிக்கிட்டு இருக்கறதுக்குள்ள பாட்டியே ஆரம்பிச்சுட்டாங்க. குரல் உடைஞ்சு தான் வந்துச்சு. ஆனா கட்டில் கம்பில விரலால போட்ட ஆதி தாளம் ஒரு இடத்துலயும் பிசகல. சரணம் மூணும் மனப்பாடம். அழுதுக்கிட்டே தான் பாடினாங்க, நிறுத்தல.

சிமியோன் பாட்டும் மரியாள் பாட்டும் இப்படிப்பட்ட வீட்டுக்கு தானே! அங்க போகாம செழிப்பா இருக்கற வீட்டுக்கு மட்டும் போய் டிரம் அடிச்சுட்டு வந்தா பாட்ட தப்பான அட்ரஸ்ல குடுத்த மாதிரி ஆயிடும்.

அதனால இந்த வருஷம் ரவுண்டுக்கு லிஸ்ட் எழுதறப்ப துக்க வீடுங்களையும் சேருங்க. முதல்லயே போன் பண்ணி கேளுங்க, வேணாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க, வாங்கன்னு சொன்னா நாலஞ்சு பேர் மட்டும் போங்க, டிரம் வேணாம், சான்டா தொப்பி வேணாம், லூக்கா ஒண்ணாம் அதிகாரம் வாசிச்சு ஒரே ஒரு கீர்த்தனை, அது போதும். கீர்த்தனை தெரியாத பிள்ளைங்க அடுத்த பிராக்டிஸுக்கு அரை மணி நேரம் முன்னாடி வந்துடுங்க, பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காந்து ராகம் சொல்லி குடுங்க. லிஸ்ட் வாசல் மேசைல இருக்கு, போறப்ப பேர் எழுதிட்டு போங்க.